நாலு நொடி முன்னால்

‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்து, அவள் தட்டுவதற்கு முன்பே திரையில் வந்து நின்றிருந்தது.

அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. ‘தொடரலாமா? ஒய் அல்லது என்’ என்று லேப்டாப் திரையின் கருப்பு ஜன்னல் கேட்டிருந்தது; ஒய் என்றால் சரி, என் என்றால் வேண்டாம். அவள் விரல் விசைப்பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், எங்கே இறங்குவது என்று தெரியாத ஈயைப் போல நின்றது. அதற்குள் கேள்விக்குப் பக்கத்தில் எழுத்து விழுந்து, வரிகள் மளமளவென்று ஓட ஆரம்பித்துவிட்டன. காதில் செருகியிருந்த போனில் மறுமுனைக்காரர் “ஒய் தட்டிட்டீங்களா அக்கா?” என்றார்.

“தட்டிட்டேன்னு நினைக்கிறேன்” என்றாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் காதம்மா. விபத்து விசாரணை அலுவலகத்தில், சாட்சிகள் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. மற்றவர்களுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கிற இடத்தில் அவள் ஒரு வார்த்தையைப் பிடித்து எடுப்பாள். யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மேலதிகாரிகூட ஒருமுறை கடிதத்தில் அப்படியே எழுதிவிட்டு, அப்புறம் கோடு போட்டு அடித்தார். கை போனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கடைசி நொடியில் பிரேக் பிடிக்காத லாரியை ஓட்டியவர்கள் என்று எல்லோரும் அவள் காதில் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். முதல் இரண்டு வருடம் அவளும் கூட அழுதாள். அப்புறம் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கிய கையைப் போல உள்ளே எல்லாம் மரத்துப் போனது.

இப்போது புது உத்தரவு. பேச்சைத் தானாகவே எழுத்தாக்கி, யார் யார் பேசினார்கள் என்று பிரித்தும் கொடுக்கிற ஒரு மென்பொருள் வந்திருக்கிறது; வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் அதைத் தாங்களே தங்கள் லேப்டாப்பில் போட்டுக்கொள்ள வேண்டும்; திங்கட்கிழமைக்குள் பழகாதவர்கள் தபால் பிரிவுக்குப் போகலாம். அதற்கு அழகான ஐகானெல்லாம் கிடையாது. கருப்பு ஜன்னலில் கட்டளை அடித்தால்தான் வேலை செய்யும். அதனால்தான் இந்தச் சனிக்கிழமை மத்தியானம், வெளியே மழை அடித்துக்கொண்டிருக்க, ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, ஈரத் துணி வாடை தங்கிப்போன கூடத்தில், அவள் அலுவலகக் கணினிக்காரரைப் போனில் பிடித்து உட்கார்ந்திருந்தாள். எப்போதும் கழுத்தில் இரண்டு மூன்று கேபிளை மாலைபோலப் போட்டுக்கொண்டு அலைவதால் அவரை எல்லோரும் வயர் என்று கூப்பிட்டார்கள்.

“பேக்கேஜ் மேனேஜர்னா ஒண்ணும் பயப்பட வேண்டாம்” என்றார் வயர். “கடையில நிக்கிற கெட்டிக்கார ஆள் மாதிரி. பேரைச் சொன்னாப் போதும். சாமானையும் எடுத்து, அதுக்கு வேண்டிய ஆணி, திருகு எல்லாத்தையும் சேர்த்து எடுத்துட்டு வந்து மாட்டிட்டுப் போயிடும். ஒலி சம்பந்தமான சாமான் ஒரு கடையில, மத்தது இன்னொரு கடையில. அதான் ரெண்டு மேனேஜர்.”

“முப்பத்தேழு சாமான் போடப் போறேன்னு லிஸ்ட் வருதே. இதெல்லாம் என்ன?”

“யாருக்குத் தெரியும்? அதைப் படிச்சா பொழுது விடிஞ்சிரும். உலகத்துல எல்லாரும் ஒய் தட்டிட்டுப் போயிட்டே இருக்காங்க, நீங்களும் தட்டுங்க.”

பட்டியல் மேலே மேலே ஏறிப் போயிற்று. ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஒரு கோடு நிரம்பி, நூறு என்று காட்டி, அடுத்ததற்கு இடம் விட்டது. லேப்டாப்பின் விசிறி மூச்சிரைக்க ஆரம்பித்தது. சமையலறைக் குழாயில் சொட்டுவது, மாடிப்படியில் மழைத்தண்ணீர் இறங்குவது, பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது என்று எல்லாவற்றையும் அவள் காது தனித்தனியாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ‘முடிந்தது’ என்று வந்தது.

“இப்ப சும்மா ஏதாவது பேசி ரெக்கார்ட் பண்ணி, அதைக் கொடுத்துப் பாருங்க” என்றார் வயர்.

அவள் மைக்கைத் திறந்து, “என்ன பேசுறதுன்னு தெரியலை. வெளிய மழை பெய்யுது. சாயங்காலத்துக்குள்ள துணி காயாது” என்று சொல்லி நிறுத்தினாள். கட்டளையை அடித்தாள். ஜன்னல் கொஞ்ச நேரம் யோசித்தது.

‘பேச்சாளர்கள்: 2.’

“ரெண்டுன்னு காட்டுது.”

“டிவி ஓடுதா?”

“இல்லை.”

“வீட்டுக்காரர்?”

“அவர் லிஃப்ட் ரிப்பேருக்குப் போயிருக்கார். வர ஆறரை ஆகும். நான் மட்டும்தான்.”

“அப்போ எக்கோவா இருக்கும் அக்கா. ஜன்னலெல்லாம் சாத்தி வெச்சிருப்பீங்க, சுவர்ல பட்டுத் திரும்பியிருக்கும். ஆபீஸ் ஃபைல் ஒண்ணைக் கொடுத்துப் பாருங்க.”

ஒரு விசாரணை அதிகாரியும் ஒரு கிரேன் ஓட்டுநரும் நாற்பது நிமிடம் பேசிய பதிவைக் கொடுத்தாள். ‘பேச்சாளர்கள்: 2.’ இரண்டு பேர்தான். வார்த்தைக்கு வார்த்தை சரியாக எழுதியிருந்தது. ஓட்டுநர் அழுது மூக்கை உறிஞ்சிய இடத்தைக்கூட மரியாதையாக விட்டுவிட்டு எழுதியிருந்தது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்திய ஒரு பதிவைக் கொடுத்தாள். பத்து.

“பாத்தீங்களா, தங்கமா வேலை செய்யுது” என்று சொல்லிவிட்டு, போனை வைக்கும் முன், கட்டளையின் கடைசியில் இன்னொரு சொல்லைச் சேர்த்தால் பேசப் பேச அப்போதைக்கப்போதே எழுதும் என்பதையும் வயர் சொல்லிக்கொடுத்தார்.

போனை வைத்த பிறகுதான் அவள் தன் பதிவின் எழுத்தை நிதானமாகப் படித்தாள்.

‘00:03. பேச்சாளர் 2: என்ன பேசுறதுன்னு தெரியலை.
00:07. பேச்சாளர் 1: என்ன பேசுறதுன்னு தெரியலை.
00:08. பேச்சாளர் 2: வெளிய மழை பெய்யுது.
00:12. பேச்சாளர் 1: வெளிய மழை பெய்யுது.’

எதிரொலி என்றால் பின்னால் வர வேண்டும். இருபத்திரண்டு வருடக் காது அது. எந்தச் சுவரில் பட்டாலும், எந்தக் கிணற்றுக்குள் விழுந்தாலும் எதிரொலி பின்னால்தான் வரும். இது நாலு நொடி முன்னால் வந்திருந்தது.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது நொடிக்குப் போனாள். ஒன்றும் இல்லை. சத்தத்தை முழுக்க ஏற்றினாள். மழை, விசிறி, அவளுடைய மூச்சு. அந்த மூச்சுக்கு அடியில், ஈர உதடு ஒன்று பிரிகிற மெல்லிய ஒலி. அவ்வளவுதான். அதற்கப்புறம் வார்த்தை இல்லை, வார்த்தை இருக்க வேண்டிய இடம் மட்டும் இருந்தது. உடனே தன் மூச்சைக் கவனித்தாள். மூக்கால்தான் விட்டுக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. எழுந்துபோய்ச் சமையலறைத் தொட்டியில் கிடந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வந்து, மென்பொருளை முழுக்க நீக்கும் கட்டளையைத் தேடிப் பிடித்து அடித்தாள். முப்பத்தேழு சாமானும் போயிற்று. இன்னொரு மேனேஜர் வழியாக முதலிலிருந்து போட்டாள். மறுபடி ‘தொடரலாமா?’ மறுபடி, விரல் இறங்குவதற்கு முன், எழுத்து.

புதிதாகப் போட்டதும், அவள் பதிவுக்கு இரண்டு என்றுதான் சொன்னது.

தொழில் பழக்கத்தில் அவள் போன் பேச்சுகளையெல்லாம் தானாகப் பதிவாகிற மாதிரி வைத்திருந்தாள். அழித்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. போன வாரம் கணவரோடு பேசியதைக் கொடுத்தாள். கூடத்துக்குப் பல்பு வாங்கி வரச் சொன்ன பேச்சு. ‘பேச்சாளர்கள்: 3.’ கணவர் பேசியதற்கு முன்னால் எதுவும் இல்லை. அவள் பேசியதற்கு முன்னால் மட்டும், ஒவ்வொரு வரிக்கும், மூன்றரை நொடி முன்னால், மூன்றாவது ஆள் அதே வரியைச் சொல்லியிருந்தது. “வெள்ளை பல்பு வேண்டாம், கண்ணு கூசுது.” அப்புறம் அவள்: “வெள்ளை பல்பு வேண்டாம், கண்ணு கூசுது.” வெள்ளை பல்பு அவளுக்குக் கூசியதே இல்லை. அவர் மஞ்சள் பல்பு வாங்கி மாட்டிய பிறகு, இதை ஏன் கேட்டோம் என்று இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முந்தைய பதிவில் இடைவெளி இரண்டரை நொடி. நாலு மாதத்துக்கு முந்தையதில் ஒன்றரை.

அப்படியே கீழே இறங்கி இறங்கிப் போன கை, தங்கையின் பெயரில் வந்து நின்றது.

எட்டு மாதத்துக்கு முந்தைய பதிவு. இரண்டு நிமிடம் பத்து நொடி. கடைசிப் பேச்சு. அதற்கு ஆறாம் நாள், தனியாக இருந்த வீட்டின் குளியலறையில் விழுந்து கிடந்தாள் தங்கை. இரண்டு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். காதம்மா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள். எவ்வளவு தைரியமா நிக்கிறா பாரு என்று அவள் காதுபடவே சொன்னார்கள். தான் சொன்ன பதில்கள் அவளுக்கே அச்சடித்த தாளிலிருந்து படித்தவை போல இருந்தன.

கட்டளையை அடித்தாள்.

‘பேச்சாளர்கள்: 3.

00:41. பேச்சாளர் 2: அக்கா, ரெண்டு நாள் வந்து உன்கூட இருக்கட்டுமா? இந்த வீட்ல தனியா என்னமோ மாதிரி இருக்கு. தலை சுத்திக்கிட்டே வருது.
00:46. பேச்சாளர் 3: இப்ப வேண்டாம்டி, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருக்கோம்.
00:46. பேச்சாளர் 1: இப்ப வேண்டாம்டி, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருக்கோம்.
00:53. பேச்சாளர் 2: ஓ. சரிக்கா. முடிஞ்சதும் சொல்லு.’

வீட்டுக்கு யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. அந்த வருடமே அடிக்கவில்லை. அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்றுதான் எட்டு மாதமாக, தட்டச்சு செய்யும்போதும், அரிசி களையும்போதும், கணவர் பக்கத்தில் தூங்கும்போதும் அவள் தன்னையே விசாரித்துக்கொண்டிருந்தாள். தங்கை வருவதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. வாடி என்றுதான் நினைத்திருந்தாள். வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

அந்த இடத்தை ஹெட்போனில் போட்டாள். இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு மயிரிழை விலகி இருந்தன. இங்கே அது கேட்டது. அவளுடைய குரலேதான். அவளுடையதைவிடக் கொஞ்சம் தெளிவாக, கொஞ்சம் உற்சாகமாக இருந்தது.

திரும்பத் திரும்ப எத்தனை முறை போட்டாளோ தெரியாது. தலையை நிமிர்த்தியபோது கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை நின்றிருந்தது. நின்றதும், வீட்டில் அதுவரை மழைக்குப் பின்னால் ஒளிந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குழாய்ச் சொட்டு. கடிகாரம். சமையலறையில், கவிழ்த்து வைத்த டம்ளர் தானாக ஒரு முறை நகர்ந்து உட்காருகிற சத்தம். காதுக்குப் பின்னால், மிக அருகில், வாய் ஒன்று உலர்ந்து ஒட்டிப் பிரிகிற சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது என்று தெரியும்.

அவளுக்கு வேண்டியது வேறு. அது சொல்லப்போவதை முன்கூட்டியே பார்க்க வேண்டும். பார்த்து, அதைச் சொல்லாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவையாவது.

வயர் சொன்ன சொல்லைக் கட்டளையின் கடைசியில் சேர்த்தாள். மைக் திறந்தது. கருப்பு ஜன்னலில் கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது. போன் பதிவுகளில் கொடுத்த எண்களையே அது இங்கேயும் கொடுத்தது.

‘பேச்சாளர் 3: யாரு நீ?’

நாலு நொடி. நாக்கு மேலே எழும்புவதை அவள் உணர்ந்தாள். வேறு யாரோ உள்ளிருந்து விரலால் தூக்குவது போல. தடுக்க நினைப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

“யாரு நீ?” என்றாள்.

‘பேச்சாளர் 1: யாரு நீ?’

திரை காத்திருந்தது.

‘பேச்சாளர் 3: எனக்குப் பயமா இருக்கு.’

இந்த முறை தயாராக இருந்தாள். பல்லைக் கடித்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்தாள். ஒன்று. இரண்டு. தாடை வலித்தது. தொண்டைக்குள் அந்த வார்த்தைகள் முட்டின. மூன்று. நாலு. ஐந்து.

ஆறு.

வரவில்லை.

திரையில் ‘பேச்சாளர் 1’ என்ற வரியே விழவில்லை. சொல்லாமல் இருந்துவிட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ சூடாக அசைந்தது. அது சந்தோஷமா என்று கண்டுபிடிப்பதற்குள் நின்றுவிட்டது. அப்புறம் விரல் நுனிகளிலிருந்து மரமரப்பு ஏற ஆரம்பித்தது. மணிக்கட்டு. முழங்கை. தோள். உட்கார்ந்திருக்கும் நாற்காலி தெரியவில்லை. வாயில் இருந்த துணியின் ஈரம் தெரியவில்லை.

வெளியே படியில் செருப்புச் சத்தம். கணவர். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை.

‘பேச்சாளர் 3: வந்துட்டீங்களா? ரொம்ப நனைஞ்சிட்டீங்களா?’

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்ல மாட்டேன். சாவி திரும்பியது. கதவு திறந்தது. ஈரக் காற்று.

“வந்துட்டீங்களா? ரொம்ப நனைஞ்சிட்டீங்களா?”

அவள் குரல். சமையலறையிலிருந்து.

“நனையாம? அந்தப் பக்கம் இன்னும் கொட்டுது, படுபாவி மழை” என்றார் கணவர், சமையலறைப் பக்கம் பார்த்து. “லிஃப்ட் ஏழாவது மாடியில நடுவுல நின்னுபோச்சு. உள்ள நாலு பேரு. ஒருத்தி மூடின கதவைப் பாத்து ஒரு மணி நேரம் திட்டுறா.”

சிரிப்புச் சத்தம். அவளுடைய சிரிப்பு. எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத சிரிப்பு. கணவர் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் அவர் முகமும் மெல்ல மலர்ந்தது.

“என்னடி, இன்னைக்கு நல்லா இருக்க போல?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

காதம்மா வாயிலிருந்த துணியைப் பிடுங்கினாள். என்னங்க, என்று கத்தினாள். தொண்டை அசைந்தது. வாய் முழுக்கத் திறந்தது. திரையைப் பார்த்தாள். பேச்சாளர் 2. பேச்சாளர் 3. பேச்சாளர் 2. பேச்சாளர் 3. வரிகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. அவளுக்கு வரி இல்லை.

என்னங்க. நான் இங்கே. என்னங்க.

கணவர் விளக்கைப் போட்டார். மஞ்சள் வெளிச்சம். மழைக்கோட்டைக் கழற்றி உதறினார். வழக்கம்போல அதை நாற்காலியின் மேல் போட்டார். அவள் தோள்மேல். மடிமேல். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. குளிரவில்லை. கனக்கவில்லை.

“லேப்டாப்பை இப்படியே போட்டு வெச்சிருக்கியே” என்றார், அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து. அவர் மூச்சில் கிரீஸ் வாடை அடித்தது. கண் அவளைத் தாண்டித் திரையில் இருந்தது. “ஏதோ ஓடிட்டிருக்கு பாரு. என்னென்னமோ எழுதுது.”

‘பேச்சாளர் 3: வேலை முடிஞ்சிருச்சு. மூடிடுங்க.’

அவள் அதைப் படித்துவிட்டாள்.

ஒன்று. லேப்டாப் மூடியில் வைத்த அவர் கையைப் பிடிக்கப் போனாள். எது தன் கை என்று தெரியவில்லை.

இரண்டு. திரையின் கருப்புக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பின்னால் நாற்காலி. நாற்காலியில் ஒரு மழைக்கோட்டு.

மூன்று. அதற்கும் பின்னால், சமையலறை வாசலில், முந்தானையில் கையைத் துடைத்தபடி அவளே நின்றாள். மழைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஈரமாகப் பிரிந்தது.

நாலு.